ஏசிக்கு முன்னால் கூரையைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், கூரைக்கு நேர் கீழே இருக்கும் அறைக்கு எத்தனை டன் ஏசி தேவைப்படும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். அறையின் நீள அகலம், ஜன்னல் பார்க்கும் திசை, எத்தனை பேர் புழங்குகிறார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. கூரை எதனால் ஆனது, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. புதன்கிழமை வாசகர் ஒருவர், "பரணில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போதும், சூடெல்லாம் வெளியே போய்விடும்" என்று கடிதம் எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அதையே செய்துவிட்டு ஒரு கோடை முழுவதும் அவதிப்பட்டவள் நான். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் தையல் வேலை செய்கிறவள். இருபத்திரண்டு வருடமாக ஒரே அறையில், ஒரே ஜன்னல் பக்கத்தில் மிஷின் போட்டுத் தைக்கிறேன். சரிவான கூரை, அதற்குக் கீழே மரப்பலகை மச்சு. இரண்டுக்கும் நடுவில் ஆள் குனிந்து நடக்கும் அளவுக்கு முக்கோணமாக ஓர் இடம் உண்டு. எங்கள் வீட்டில் அதைத்தான் பரண் என்போம். முன்பு ஓட்டுக் கூரையாக இருந்தது. ஓடுகள் உடைந்து ஒழுக ஆரம்பித்ததும், ஆறு வருடத்துக்கு முன்னால் அவற்றை இறக்கிவிட்டுக் கரும்பழுப்பு நிறத் தகர ஷீட் போட்டோம். எலி, பறவை நுழையக்கூடாது என்று, கூரை சுவரில் உட்காரும் இடத்து இடைவெளியை, அதாவது இறவாரத்தை எல்லாம் வேலைக்கு வந்தவர்கள் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். "அந்த மூலையில ஒரு சந்து விட்டுப்போச்சு பாருங்க" என்று பக்கத்தில் நின்று காட்டியதே நான்தான்.

அடுத்த கோடையில் மதியம் ஒரு மணிக்கு மேல் என்னால் மிஷினில் உட்கார முடியவில்லை. வெளிர் நிறத் துணியைக் கையில் எடுத்தாலே வியர்வைக் கறை பட்டுவிடும். சீலிங் ஃபேன் அனலைத்தான் தலையில் கொட்டியது. மகள் ஒரு சின்ன வெப்பமானி வாங்கி வந்து மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தாள். மதியம் இரண்டு மணிக்கு வெளியே நிழலில் 38 டிகிரி. அறைக்குள் 39. பரணில் 58! இரவு பத்து மணிக்கு நாற்காலி மேல் ஏறி மச்சுப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். இஸ்திரி போட்டு முடித்த மேஜைத் துணி மாதிரி கதகதவென்று இருந்தது.

அப்போதுதான் எக்ஸாஸ்ட் ஃபேன் யோசனை வந்தது. பரணின் முக்கோணச் சுவரில் ஓட்டை போட்டு மாட்டினோம். மூன்றாம் நாள் மச்சை அண்ணாந்து பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் இடுக்குகளில் வரிசையாக நூல் பிசிறு ஒட்டியிருந்தது. சிவப்பு, நீலம், அன்றைக்குத் தைத்த மஞ்சள் பாவாடையின் ஓவர்லாக் பிசிறுகூட இருந்தது. விளக்கு தொங்கும் ஓட்டையைச் சுற்றி வட்டமாக ஒட்டியிருந்தது. இத்தனை வருடத்தில் பிசிறு தரையில் சேர்ந்துதான் பார்த்திருக்கிறேன், மேலே ஏறிப் பார்த்ததில்லை. நாற்காலி போட்டு ஏறி, ஒரு துண்டு நூலை இடுக்கில் பிடித்தேன். சர்ரென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

ஃபேன் காற்றை வெளியே தள்ளினால், அந்த அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். இறவாரத்தைத்தான் சிமென்ட் போட்டு அடைத்துவிட்டோமே. அதனால் அது என் அறைக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அறையில் குறைந்த காற்றை ஈடுகட்ட ஜன்னல் வழியாகவும் கதவு வழியாகவும் வெளியே இருந்த அனல் காற்று உள்ளே வந்தது. அந்த அறையில் ஏசி ஓடியிருந்தால், மின்சாரம் செலவழித்துக் குளிர்வித்த காற்றும் பரண் வழியாக வெளியே போயிருக்கும். அந்த வாசகருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, அது இதைவிட முக்கியம். காற்றை எவ்வளவு மாற்றினாலும் பரணின் சூடு முழுதும் போகாது. ஏனென்றால் அந்தச் சூடு பெரும்பாலும் காற்று வழியாகக் கீழே இறங்குவதில்லை. சூடான காற்று மேலேதான் நிற்கும். பிறகு எப்படி மச்சு சுடுகிறது? இது எனக்கு இஸ்திரிப் பெட்டியில்தான் புரிந்தது. நன்றாகச் சூடேறிய பெட்டியைத் தூக்கிப் பிடித்து, அதற்கு ஒரு சாண் கீழே உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். தொடாமலே சுடும். நடுவில் கறுப்பு லைனிங் துணி ஒன்றைப் பிடித்தால் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் துணியே சூடாகி அந்தச் சூடு கைக்கு வரும். அதே இடத்தில் பிஸ்கட் பாக்கெட்டின் பளபளப்பான உட்தாளைப் பிடித்தால், பெட்டியை அணைத்துவிட்டது போல அனல் சட்டென்று நின்றுவிடும்.

இது கதிர்வீச்சு. வெளிச்சம் மாதிரியே பயணம் செய்யும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர், முப்பட்டகத்தில் பிரிந்து விழுந்த சூரிய ஒளியில் சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது அது ஏறியது. அகச்சிவப்புக் கதிர் தெரியவந்தது அப்படித்தான் என்று மகள் படித்துச் சொன்னாள். கொதிக்கும் தகரம் நாள் முழுக்க அந்தக் கதிரைத்தான் மச்சின் மேல் பொழிந்துகொண்டிருக்கிறது. காற்றை மட்டும் துரத்திக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது.

என் இஸ்திரிப் பெட்டி 1000 வாட். மேகமில்லாத உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் கொட்டுவதும் ஏறத்தாழ 1000 வாட்தான். அப்படியென்றால் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஓர் இஸ்திரிப் பெட்டி எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுத்த நிறக் கூரை அதில் பத்தில் ஒன்பது பங்குவரை உள்வாங்கிக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதில் பத்தில் ஏழு எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். எங்கள் வீட்டில் நடந்த எல்லா மாற்றத்திலும் பெரியது இதுதான். ஷீட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி, துரு இருந்த இடத்தைச் சுரண்டி, பிரைமர் அடித்து, கூரைக்கென்றே வரும் வெள்ளைப் பூச்சை இரண்டு கை அடித்தார்கள். சுவருக்கு அடிக்கும் பெயின்ட் வெயிலிலும் மழையிலும் உரிந்துவிடும், அது வேண்டாம்.

பூசுவதற்கு முன்னால் மருமகன் கேட்டார், "பளபளக்கிற வெறும் தகரமே வெயிலைத் திருப்பி அனுப்புமே அத்தை, கறுப்பு ஷீட் போடாம அதையே போட்டிருக்கலாமே?" நியாயமான கேள்வி. பளபளப்பான தகரம் வெயிலைக் கணிசமாகத் திருப்பும், உண்மைதான். ஆனால் உள்ளே வாங்கிய சூட்டைக் கதிராக வெளிவிட அதற்கு வராது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு கொதிக்கும். வெயிலில் கிடந்த எவர்சில்வர் பாத்திரத்தைத் தொட்டவர்களுக்கு அது தெரியும். வெள்ளைப் பூச்சுக்கு இரண்டு குணமும் உண்டு: வெயிலைத் திருப்பும், வாங்கிய கொஞ்சச் சூட்டையும் வானத்தைப் பார்த்து உமிழ்ந்துவிடும்.

வெள்ளை அழுக்காகும், அதை மறைக்க மாட்டேன். தூசி படியப் படியத் திருப்பும் சக்தி குறைந்துவிடும். நாங்கள் ஒவ்வொரு வருடமும் கோடை தொடங்கும் முன் ஒரு தடவை கழுவுகிறோம். எதிர்வீட்டு மாடி ஜன்னலில் கண் கூசும் என்றால் வெளிர் சாம்பல் நிறம் அடிக்கலாம், பலன் சற்றுக் குறையும். அடர் நிறம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அகச்சிவப்பைத் திருப்பும் நிறமிகள் கலந்த பூச்சும் ஷீட்டும் கிடைக்கின்றன. வெயிலின் சக்தியில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதியில் இருப்பதால் அவையும் உதவும். ஆனால் வெள்ளைக்கு ஈடாகாது.

அடுத்தது காற்று. இங்கேதான் எங்களுக்கு ஒரு வயதான தச்சர் உதவினார். அவர் பரணில் ஏறி ஒரு சுற்று பார்த்துவிட்டு இறங்கி வந்து கேட்டது ஒரே கேள்வி: "ஏம்மா, வீட்டுக்கு மூக்க அடைச்சிட்டீங்களே, எப்படி மூச்சு விடும்?" பழைய ஓட்டுக் கூரையில் ஒவ்வோர் ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவில் இடுக்கு இருந்தது என்றும், குறுக்கே அடித்த ரீப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்ததால் ஓட்டுக்கு அடியில் காற்று ஓடியது என்றும் அவர் சொல்லித்தான் புரிந்தது. ஓட்டை இறக்கியபோது நாங்கள் அந்தக் காற்றையும் சேர்த்து இறக்கிவிட்டோம். புதிதாகக் கூரை போடுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். ஷீட்டுக்கோ ஓட்டுக்கோ அடியில் நாலைந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அது கீழே இறவாரத்திலும் மேலே முகட்டிலும் திறந்திருக்கும்படி கட்டையடிக்கச் சொல்லுங்கள். கூரை போடும்போது அது சின்ன வேலை. போட்டு முடித்த பிறகு மொத்தத்தையும் பிரிக்க வேண்டிவரும்.

எங்கள் வீட்டில் சிமென்டை உடைத்து இறவாரத்தை இரண்டு பக்கமும் திறந்தார். முகட்டு மூடியைச் சற்றுத் தூக்கி, மழை அடிக்காதபடி மடிப்பு வைத்து, நீளவாக்கில் வழி விட்டார். கீழே குளிர்ந்த காற்று நுழைய வேண்டும், மேலே சூடான காற்று தானாக ஏறிப் போக வேண்டும், மின்சாரமே வேண்டாம். திறப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்கக் கட்டட விதிகளில் ஒரு கணக்கு இருக்கிறது. கீழும் மேலும் சரிபாதியாகத் திறந்திருந்தால், பரண் தரைப் பரப்பில் முந்நூறில் ஒரு பங்கு. அப்படிப் பிரித்து வைக்க முடியாவிட்டால் நூற்றைம்பதில் ஒரு பங்கு. எங்கள் பரண் 60 சதுர மீட்டர். முந்நூறில் ஒரு பங்கு என்றால் 2000 சதுர சென்டிமீட்டர், அதாவது கீழே 1000, மேலே 1000. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நானே ஒவ்வொரு திறப்பையும் அளந்து கூட்டினேன். வலை அடித்தால் கம்பி அடைக்கும் இடத்தைக் கழிக்க வேண்டும் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அதனால் நாங்கள் திறப்பை இரட்டிப்பாக வைத்துக்கொண்டோம். எலியும் வௌவாலும் நுழையாத அளவுக்குக் கம்பி வலை போதும். கொசுவலை மாதிரி நெருக்கமானது தூசியில் அடைத்துக்கொள்ளும்.

கூரைமேல் காற்றில் சுழலும் உருண்டை மாட்டியிருக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். டர்போ வென்டிலேட்டர் என்கிறார்கள். கெட்ட பொருள் இல்லை. ஆனால் கீழே வழி இல்லாமல் மேலே அதை மட்டும் மாட்டினால், என் எக்ஸாஸ்ட் ஃபேன் செய்ததையே அதுவும் செய்யும்.

மச்சு இடுக்குகளை அடைப்பது என் பங்கு வேலை. கெட்டியான காடாத் துணியை இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, பசை தடவிப் பரண் பக்கத்திலிருந்து ஒவ்வோர் இடுக்கிலும் ஒட்டினேன். ஒரு வாரம் பிடித்தது, விடிகாலையில் மட்டும்தான் ஏற முடிந்தது. பகல் வெயிலில் யாரும் பரணில் ஏறி வேலை செய்ய வேண்டாம். 58 டிகிரியில் ஆள் மயங்கி விழுந்தால் கீழே இருப்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

தகரத்தின் அனல் கதிரைத் தடுக்க, பிஸ்கட் தாள் மாதிரி பளபளக்கும் அலுமினியத் தாளும் வாங்கினோம். அதில் நாங்கள் ஒரு தவறு செய்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் அதை மச்சுப் பலகை மேல் பளபளப்பு மேலே பார்க்கும்படி விரித்தோம். முதல் கோடையில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. இரண்டாம் கோடையில் அவ்வளவாக இல்லை. ஏறிப் பார்த்தால் தாள் முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. விரலால் ஒரு கோடு இழுத்தேன், அந்தக் கோடு மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது. தூசி மூடிய தாள் வெறும் தாள்தான். அதன் பிறகு அதை எடுத்து, கூரையைத் தாங்கும் சரிவுக் கட்டைகளான கைமரங்களுக்கு அடியில், பளபளப்பு கீழே பார்க்கும்படி கட்டினோம். கீழே பார்க்கும் முகத்தில் தூசி உட்காராது. கீழே பார்த்தால் எப்படித் தடுக்கும் என்று நானும் கேட்டேன். அலுமினியம் தன் மேல் விழும் அனல் கதிரில் 95 சதவீதம் அளவுக்குத் திருப்பும். அதே குணத்தால், தானே சூடானாலும் அந்தச் சூட்டைக் கதிராக அதிகம் வெளிவிடாது. வெறும் தகரத்தைக் கூரைமேல் கொதிக்க வைக்கிற அதே குணம், தாளுக்குப் பரண் உள்ளே நல்லதாகிவிடுகிறது.

ஆனால் பளபளப்பான முகத்துக்கு முன்னால் இரண்டு மூன்று சென்டிமீட்டராவது காலி இடம் இருந்தே ஆக வேண்டும். ஷீட்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஒட்ட வைத்து அழுத்திவிட்டால் ஒரு பலனும் கிடையாது. அலுமினியம் சூட்டைக் கடத்துகிற உலோகம், இந்தப் பக்கத்துச் சூட்டை அந்தப் பக்கம் கொடுத்துவிடும். வேலை செய்கிறவர்களில் பலர் அப்படித்தான் அமுக்கி ஒட்டிவிட்டுப் போகிறார்கள். கூடவே நின்று பாருங்கள். அலுமினியம் மின்சாரத்தையும் கடத்தும், பரணில் வயர் ஓடினால் பின் அடிக்கும்போது கவனம்.

கடைசியாக, மச்சுப் பலகை மேல் 5 சென்டிமீட்டர் ராக்வூல், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய கம்பளம், பரப்பினோம். அந்த 5 சென்டிமீட்டர் கம்பளம், சூட்டைத் தடுப்பதில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் தடிமனான கான்கிரீட்டுக்குச் சமம். தடுப்பது அதற்குள் அடைபட்டிருக்கும் அசையாத காற்று. பஞ்சு மெத்தையை அமுக்கித் தைத்தால் கதகதப்பு போய்விடுவது எனக்குத் தெரியும், இதுவும் அப்படித்தான். மேலே பெட்டி, பழைய சாமான் என்று ஏற்றி நசுக்கக்கூடாது. நனையவும் கூடாது, அதனால் கூரை ஒழுக்கைச் சரிபார்த்த பிறகே பரப்ப வேண்டும். இறவாரத்துத் திறப்பை அது மூடாதபடி ஒரு முழம் தள்ளி நிறுத்தினோம். மச்சில் பதித்த விளக்குகளின் முதுகையும் அதனால் மூடக்கூடாது, சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. தெர்மாகோலை வெறுமனே போட்டு வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை, அது எரியும் பொருள். ராக்வூல் வேலையின்போது முகமூடியும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நாள் உடம்பு அரிக்கும்.

இப்போது கணக்கு சொல்கிறேன். போன கோடையில் அதே வெப்பமானி, அதே மூன்று இடம். வெளியே 38 டிகிரி இருந்த ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்குப் பரணில் 42, அறையில் 35. முப்பத்தைந்து குளிர்ச்சி இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் மதியம் முழுவதும் உட்கார்ந்து பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்க முடிகிறது, துணியில் கறை படவில்லை. இரவில் மச்சுப் பலகை தொட்டால் சாதாரணமாக இருக்கிறது. இரவு ஜன்னலைத் திறந்து வைக்கிறோம், வெயில் ஏறியதும் மூடிவிடுகிறோம். அறைக்குள் இருக்கும் சூட்டையும் கம்பளம் வெளியே விடாது என்பதால் அது அவசியம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய எல்லாராலும் முடியாது. எங்களுக்கே மூன்று வருடம் ஆனது. தகரக் கூரையோ கறுத்த கூரையோ இருப்பவர்கள் வெள்ளைப் பூச்சில் தொடங்குங்கள், அடைத்து வைத்த இறவாரத்தையும் திறந்துவிடுங்கள். வாடகை வீட்டில் கூரையைத் தொடவிடமாட்டார்கள் என்றால், வீட்டுக்காரரிடம் கேட்டு உள்ளே தாள் மட்டும் கட்டலாம், காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம். இவற்றுக்குப் பிறகும் ஏசி தேவைப்படும் வீடுகள் உண்டு. வயதானவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் அதைத் தவறென்று சொல்லவே மாட்டேன். ஆனால் கூரையைச் சரிசெய்த வீட்டில் சிறிய ஏசியே போதும், அதுவும் விட்டு விட்டுத்தான் ஓடும். எத்தனை டன் என்று முடிவு செய்யும் முன்னால் இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை வாசகர்களுக்கு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைக் கூரைக்காக ஒதுக்குங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கூரை வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள், அவர்களிடம் என்னிடம் இருப்பதைவிட எவ்வளவோ அதிகம் இருக்கிறது.

புதன்கிழமை எழுதிய வாசகர் பரணில் ஏற்கெனவே ஃபேனை மாட்டிவிட்டார் என்றால், அதை ஓடவிட்டு, மச்சு இடுக்கில் ஒரு துண்டு நூலைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நூல் மேலே இழுபட்டால் ஃபேனை நிறுத்திவிட்டு, முதலில் இறவாரத்தைத் திறக்கட்டும்.

இப்படிக்கு,
தையல் வேலை செய்யும் ஒரு வாசகி